‘ஏன்?’ என்ற கேள்வியை ‘பெறப்படுமா?’ என்று மாற்றிக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம், செங்கோட்டையில் ஒரு டீக்கடை. “புனலூர்ப் பக்கம் ராத்திரி முழுக்க மழையாம் அண்ணாச்சி” என்கிறார் ஒருவர். கேட்டவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ நான் குற்றாலம் வழியாப் போகலை, வேற வழி பார்த்துக்கிடுதேன்” என்று கிளம்புகிறார். யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் குறைந்தது நான்கு தாவல் இருக்கிறது. மேற்கே மழை பிடித்தால் மலையிலும் பிடித்திருக்கும், மலையில் பெய்தால் அருவியில் தண்ணீர் விழும், தண்ணீர் விழுந்தால் ஆட்கள் குவிவார்கள், ஆட்கள் குவிந்தால் ரோட்டில் வண்டி நகராது.

கணினிக்காகத் தமிழில் காரண-விளைவுக் கேள்விகள் எழுதுகிறவர்களுக்கும், அவற்றை வைத்து மொழி மாதிரிகளை, அதாவது எழுத்தைப் படித்து விடை சொல்லும் கணினி நிரல்களை, சோதிக்கிறவர்களுக்கும் உண்மையான வேலை இந்தத் தாவல்களை வெளியே எடுப்பதுதான். அதற்கு எனக்குக் கைகொடுத்த வழி, ‘ஏன்?’, ‘அதனால் என்ன?’ என்ற கேள்விகளை ‘இதிலிருந்து அது பெறப்படுமா?’ என்று, அதாவது இது உண்மை என்றால் அதுவும் உண்மை என்று கொள்ளலாமா என்று, மாற்றிவிடுவது. நம் உரையாசிரியர்கள் ‘என்பது பெறப்பட்டது’, ‘பெற்றாம்’ என்று எழுதுவார்களே, அதே பெறப்படுதல்தான். ஆய்வாளர்கள் இதை என்டெயில்மென்ட் என்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்கப் ‘பெறப்படும்’ என்றே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

காரண-விளைவுக் கேள்விகளுக்கு நன்கு அறியப்பட்ட தொகுப்பு கோபா. 2011இல் வந்தது, மொத்தம் 1000 கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்வு இருக்கும், அதற்குக் காரணம் என்ன அல்லது விளைவு என்ன என்று கேட்டிருக்கும், இரண்டு விடைகள் தந்திருக்கும், அவற்றில் பொருத்தம் கூடியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020இல் இதை 11 மொழிகளுக்குக் கொண்டுபோய் எக்ஸ்கோபா என்ற தொகுப்பை உருவாக்கினார்கள், அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று.

பெறப்படுதல் கேள்விகளின் கதை தனி. 2005இல் தொடங்கிய ஒரு போட்டித் தொடரில், ஒரு வாக்கியத்தைப் படிக்கிற சாதாரண மனிதர் இன்னொரு வாக்கியமும் பெரும்பாலும் உண்மைதான் என்று நினைப்பாரானால் அது பெறப்படும் என்று வரையறுத்தார்கள். இது கணக்குப் பாடத்து நிரூபணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சாதாரண மனிதர்’, ‘பெரும்பாலும்’ இரண்டும் வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பிறகு 2015இல் 5,70,000 வாக்கிய ஜோடிகளும் 2018இல் 4,33,000 ஜோடிகளும் கொண்ட பெரிய ஆங்கிலத் தொகுப்புகள் வந்தன. 2018இலேயே 15 மொழிகளுக்கு ஒரு தொகுப்பு வந்தது, அதில் இந்தியும் உருதுவும் உண்டு, தமிழ் இல்லை. 2022இல்தான் இந்திய மொழிகளுக்கென்று அது இயந்திர மொழிபெயர்ப்பில் விரிந்து தமிழுக்கும் வந்தது. அதனால் கையால், தமிழிலேயே யோசித்து எழுதிய ஜோடிகளுக்கு இன்னும் நிறையவே தேவை இருக்கிறது.

மாற்றினால் என்ன லாபம்? ஒன்று, ஏற்கெனவே பெறப்படுதலில் பயிற்சி பெற்ற மொழி மாதிரியை அப்படியே காரண-விளைவுக் கேள்விக்கும் பயன்படுத்தலாம். இரண்டு, இரண்டு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இரண்டுமே தப்பாக இருந்தாலும் ஒன்று ஜெயித்துவிடும், தனித்தனியாகப் பெறப்படுமா என்று கேட்டால் அது நடக்காது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய லாபம்.

படி 1: கேள்வியைப் பொறுக்குவது

அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுங்கள், வரலாற்றிலிருந்து வேண்டாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, பிறகு நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அது ஏன் சேர்ந்தது என்பது நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு விடை புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறை அறிவில் இல்லை. செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010இல் மூடி 2018இல் அகலப்பாதையாகத் திறந்ததும் அப்படித்தான். படித்தவருக்குத் தெரியும், படிக்காதவர் எவ்வளவு யோசித்தாலும் வராது.

நமக்கு வேண்டியது இந்த மாதிரி:

நிகழ்வு: பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி விலை ஏறியது.
கேள்வி: காரணம் என்ன?
அ: ஓணம் நெருங்கியது.
ஆ: சந்தைக்கு எதிரில் புதிதாக ஒரு செல்போன் கடை திறந்தார்கள்.

படி 2: விடையை முழு வாக்கியமாக்குவது

சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் தமிழில் வழுக்குகிற இடம் இதுதான். ‘ஏன் விலை ஏறியது?’ என்று கேட்டால் நாம் ‘ஓணம் வந்ததால்’ என்று பாதியில் நிறுத்துவோம். பெறப்படுதல் ஜோடிக்கு அது போதாது. ‘ஓணம் வந்தது’ என்று தனியாக நிற்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள். இந்த வாக்கியங்களுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம்: உண்மை என்று எடுத்துக்கொள்வது ‘தந்த வாக்கியம்’, அதிலிருந்து வருமா என்று பார்ப்பது ‘சோதனை வாக்கியம்’.

‘வந்ததால்’, ‘வந்தால்’ இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். முதலாவது நடந்த காரணம், இரண்டாவது நடக்காமலே இருக்கக்கூடிய நிபந்தனை. வேகமாகத் தட்டச்சு செய்யும்போது இந்தத் ‘த’ விழுந்துபோனால் ஜோடியே வேறாகிவிடும். அடுத்தது எழுவாய். தமிழில் நாம் எழுவாயைச் சர்வசாதாரணமாக விட்டுவிடுவோம். ‘கடன் கேட்டான். கொடுக்கவில்லை.’ யார் கொடுக்கவில்லை? பேச்சில் குழப்பமே வராது, ஆனால் இரண்டு வாக்கியத்தையும் பிரித்துத் தனித்தனிக் கட்டத்தில் போட்டவுடன் இரண்டாவது அனாதையாக நிற்கும். பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் தனியாக வாசித்துப் பார்த்து, யார், எங்கே, எப்போது என்பதை நிரப்புங்கள்.

படி 3: எது முன்னே, எது பின்னே

விளைவுக் கேள்வி என்றால் சுலபம். நிகழ்வைத் தந்த வாக்கியமாக வையுங்கள், விடையைச் சோதனை வாக்கியமாக வையுங்கள். காரணக் கேள்வியில்தான் சிக்கல், ஏனென்றால் அதை இரண்டு பக்கமும் வைக்கலாம். ‘ஓணம் நெருங்கியது’ என்பதிலிருந்து ‘விலை ஏறியது’ பெறப்படுமா? அல்லது ‘விலை ஏறியது’ என்பதிலிருந்து ‘ஓணம் நெருங்கியது’ பெறப்படுமா? முதலாவதை நேர்த்திசை என்றும் இரண்டாவதை எதிர்த்திசை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குழப்பம் புதிது இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் ஒரு வாதத்தின் உறுப்புகளைச் சொல்லும்போது, இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்ற எடுத்துக்காட்டு வருகிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அவற்றுக்குப் பெயர். கோடையில் மேக்கரைப் பக்கம் நின்று மலையைப் பார்த்தால் இந்த உதாரணம் கண் முன்னாலேயே நடக்கும். புகை தெரிகிறது, காட்டுத்தீ என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே ‘புகை இருப்பதால்’ என்றுதான் சொல்கிறோமே தவிர, புகை நெருப்புக்குக் காரணம் இல்லை, நெருப்புதான் புகைக்குக் காரணம். புகை நாம் நெருப்பு என்று *முடிவுக்கு வந்ததற்கு* ஏது. தமிழின் ‘ஆல்’ விகுதி இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறது. ‘மழை பெய்ததால் அருவியில் தண்ணீர் விழுகிறது’ என்றால் காரணம். ‘அருவியில் தண்ணீர் விழுவதால் மலையில் மழை’ என்றால் ஏது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாமல் எழுதிய காரணக் கேள்விகள் பாதிக்கு மேல் ஆட்டம் காண்பதை என் கையெழுத்திலேயே பார்த்திருக்கிறேன், இது நான் மறுபடி மறுபடி சொல்லித்தரும் பாடம்.

சரி, எந்தத் திசையை எடுப்பது? இரண்டையும் எடுங்கள். ஏன் என்று இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்:

நிகழ்வு: புளியரை சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்றன.
அ: ஆரியங்காவு மலைப்பாதையில் மண் சரிந்தது.
ஆ: சாவடியில் சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

நேர்த்திசையில் ‘அ’ பலமானது. மண் சரிந்தால் லாரி நின்றே ஆக வேண்டும், சோதனை நடந்தால் சில நேரம் வரிசை வரும், சில நேரம் வராது. எதிர்த்திசையில் ‘ஆ’ பலமானது. சாவடியில் வரிசையைப் பார்த்தவுடன் யாரும் மண்சரிவு என்று நினைப்பதில்லை, சோதனை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நேர்த்திசை ஒரு காரணத்தின் வலுவைச் சொல்கிறது, எதிர்த்திசை அது எவ்வளவு சகஜம் என்பதைச் சொல்கிறது. கோபா கேட்பது ‘எது பொருத்தம் கூடியது’ என்றுதான், ஆகவே நேர்த்திசையை மட்டும் பார்க்கிறவர் அரிதான பெரிய விபத்துகளை எல்லாம் விடையாக்கிவிடுவார். இரண்டு திசையும் ஒரே விடையைக் காட்டினால் கேள்வி நல்ல கேள்வி. இப்படி வேறுவேறு காட்டினால் விடைகளைத் திருத்துங்கள், அல்லது நிகழ்வில் இன்னொரு விவரம் சேருங்கள். ‘மூன்று நாளாகப் பலத்த மழை. லாரிகள் அசையவே இல்லை’ என்றால் ‘அ’ இரண்டு திசையிலும் ஜெயிக்கும்.

படி 4: விட்டுப்போன இணைப்பை எழுதுவது

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் பரவாயில்லை.

‘ஓணம் நெருங்கியது’ என்று மட்டும் சொல்லி ‘பாவூர்சத்திரத்தில் காய்கறி விலை ஏறியது’ பெறப்படுமா என்று தருமபுரிக்காரரிடம் கேட்டால் சொல்ல முடியாது என்பார். அது தப்பில்லை. தென்காசிக்காரர் பெறப்படும் என்பார். அதுவும் சரி. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை எழுதினால் அதுதான் இணைப்பு:

ஓணத்துக்குக் கேரளாவில் வீட்டுக்கு வீடு காய்கறி கூடுதலாக வாங்குவார்கள்.
தென்காசி வட்டாரச் சந்தைகளிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி போகிறது.
வரத்து அதே அளவில் இருக்க, வாங்குகிறவர் கூடினால் விலை ஏறும்.

இந்த மூன்றையும் தந்த வாக்கியத்தோடு சேர்த்துக் கொடுத்தால் தருமபுரிக்காரரும் பெறப்படும் என்று சொல்வார். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவதை எடுத்தால் கேரளாவில் மட்டும் விலை ஏறலாம், இங்கே ஏறுமா என்று தெரியாது. மூன்றாவதை எடுத்தால் லாரி அதிகம் போகும், அவ்வளவுதான். எடுத்தால் எதுவுமே ஆடவில்லை என்றால் அந்த வாக்கியம் தேவையில்லை, நீக்கிவிடலாம்.

இங்கே பலரும் செய்கிற ஒரு குறுக்குவழி உண்டு. ‘ஓணம் நெருங்கினால் பாவூர்சத்திரத்தில் காய்கறி விலை ஏறும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அது இணைப்பு இல்லை, விடையையே திரும்பச் சொன்னது. கேள்வியைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் இணைப்பு வாக்கியத்தை மட்டும் காட்டுங்கள், அவர் ‘ஆமா, அது தெரிஞ்சதுதானே’ என்று தலையாட்ட வேண்டும், ஆனால் அதை வைத்து நீங்கள் என்ன கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்று ஊகிக்க முடியக்கூடாது. அதுதான் நல்ல இணைப்பு.

எல்லைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது, நாம் நினைக்கிற பொதுஅறிவு எத்தனை மைல் வரைக்கும் பொது என்பது நமக்குத் தினமும் தெரிந்துகொண்டே இருக்கும். ‘புத்தாண்டு பிறந்தது’ என்று தருகிறேன், ‘வெளியே வெயில் கொளுத்தியது’ பெறப்படுமா? சித்திரையை நினைக்கிற நமக்குப் பெறப்படும். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், நம் ஆவணியில், பிறக்கிறது. அதை நினைக்கிற வயதானவர் மழையைத்தான் சொல்வார். ஜனவரி ஒன்றை நினைக்கிற பையனுக்கு இரண்டும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஜோடியின் ஓரத்திலும் இது எந்த வட்டாரத்து அறிவு என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். வேறு நாட்டில் எழுதி மொழிபெயர்த்த கேள்விகளில் விட்டுப்போவது இந்த ஒரு சொல்தான். தமிழ் சரியாக இருக்கும், உள்ளே ஓடுகிற வாழ்க்கை வேறு ஊருடையதாக இருக்கும்.

படி 5: மூன்றில் ஒரு முத்திரை

பெறப்படும், முரண்படும், சொல்ல முடியாது. இந்த மூன்றுதான். காரண-விளைவில் உண்மையான முரண் குறைவு, பொருந்தாத விடையை எல்லாம் முரண் என்று போட்டுவிடாதீர்கள். செல்போன் கடை திறந்ததற்கும் காய்கறி விலைக்கும் தொடர்பு இல்லை, அது ‘சொல்ல முடியாது’. முரண் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ‘நேற்று பேரருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை’, ‘நேற்று பேரருவியில் குளித்துவிட்டு வந்தோம்’ என்றால் முரண். இதில் ‘நேற்று’ இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் முரண் காணாமல் போய்விடும்.

படி 6: உடைத்துப் பார்ப்பது

கண்டிப்பான தர்க்கத்தில் ஒன்று பெறப்பட்டுவிட்டால், அதற்கு மேல் எத்தனை செய்தி சேர்த்தாலும் அது பெறப்பட்டதுதான். அன்றாட யோசனை அப்படி இல்லை. குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை.’ இதிலிருந்து ‘அருவியில் குளிக்கக் கூட்டம் இருக்கிறது’ பெறப்படும்.

இப்போது ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: ‘வெள்ளப்பெருக்கால் குளிக்கத் தடை விதித்திருக்கிறார்கள்.’ தண்ணீர் இன்னும் கூடியிருக்கிறது, ஆனால் குளிக்கிற கூட்டம் இல்லை. பெறப்பட்டது உடைந்துவிட்டது. தண்ணீர் கூடினால் கூட்டம் கூடும் என்ற இணைப்பு ஓர் அளவு வரைக்கும்தான் உண்மை, அதற்கு மேல் தலைகீழாகிறது. சாரல் காலத்தில் ஒரு மாதிரி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது வேறு மாதிரி.

ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி ஓர் உடைக்கும் வாக்கியம் எழுதிப் பாருங்கள். ரொம்பச் சுலபமாக, சகஜமான ஒரு செய்தியாலேயே உடைந்துவிட்டால் முதலிலேயே அது ‘சொல்ல முடியாது’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். பூகம்பம் வந்தால்தான் உடையும் என்றால் பெறப்படும் என்று தைரியமாகப் போடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் அருமையானவை, அவற்றை உடைக்கும் வாக்கியத்தோடு சேர்த்தே தொகுப்பில் வையுங்கள், ஒரு ஜோடி இரண்டு ஜோடியாகிவிடும்.

படி 7: கூடவே நடப்பதும் அதனால் நடப்பதும்

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாக வரத் தொடங்குவார்கள். அதே நாட்களில் அருவியிலும் தண்ணீர் கூடும். வருடா வருடம் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. ‘பக்தர்கள் வந்தார்கள்’ என்று தந்தால் ‘அருவியில் தண்ணீர் இருக்கிறது’ என்பது ஓரளவு பெறப்படத்தான் செய்யும், ஆனால் பக்தர்கள் தண்ணீருக்குக் காரணம் இல்லை, மாதம்தான் இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. மறுபக்கம், கடைவீதியில் நேந்திரங்காய் சிப்ஸ் விற்பனை கூடுவதற்குப் பக்தர்கள் நிஜமாகவே காரணம்.

பெறப்படுதலாக மாற்றுவதில் இருக்கிற ஒரே பெரிய ஆபத்து இதுதான். அது காரணத்தையும் சேர்க்கையையும் பிரித்துக் காட்டாது. ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: முதலாவதைக் கையால் நிறுத்திவிட்டால் இரண்டாவதும் நிற்குமா? புளியரையிலேயே பக்தர்களின் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அருவி நிற்காது. சிப்ஸ் வியாபாரம் படுத்துவிடும். நிற்காதவற்றைக் காரணக் கேள்வியின் சரியான விடையாக வைக்காதீர்கள், தவறான விடையாக வையுங்கள், நல்ல தூண்டில்.

படி 8: மூடி வைத்துச் சரிபார்ப்பது

தந்த வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சோதனை வாக்கியத்தை மட்டும் நண்பரிடம் வாசித்துக் காட்டி முத்திரையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லவே முடியக்கூடாது. 2018இல் ஒரு ஆய்வில், நான் மேலே சொன்ன 2015 தொகுப்பில் சோதனை வாக்கியத்தை மட்டும் பார்த்தே ஏறத்தாழ 67 சதவீதம் முத்திரைகளைச் சரியாகச் சொல்ல முடிந்தது என்று காட்டினார்கள். எதிர்மறைச் சொல் வந்தாலே முரண் என்கிற மாதிரி எழுதியவர்களின் பழக்கங்கள் உள்ளே படிந்திருந்தன. தமிழில் கடைசியில் நிற்கிற ‘இல்லை’ இதே வேலையைச் செய்துவிடும், ஆகவே ‘இல்லை’ என்று முடியும் வாக்கியங்களை மூன்று முத்திரைக்கும் சமமாகப் பரப்புங்கள்.

இரண்டு விடைக் கேள்விகளுக்கு இதற்கு மருந்து, மாற்று ஜோடி. 2019இல் கோபாவுக்கே இப்படிச் செய்தார்கள். விடைகள் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற விடை சரியாகிற மாதிரி நிகழ்வை மாற்றி இன்னொரு கேள்வி எழுத வேண்டும். ‘ஓணம் நெருங்கியது’, ‘எதிரில் செல்போன் கடை திறந்தார்கள்’ என்ற அதே விடைகளுக்கு, ‘சந்தைக்கு வந்தவர்கள் அங்கேயே ரீசார்ஜ் செய்துகொண்டார்கள்’ என்பது புது நிகழ்வு. விடையின் சொற்களை மட்டும் பார்த்து ஊகிக்கிற மொழி மாதிரி இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றில் கட்டாயம் மாட்டும்.

சரிபார்க்க இரண்டு பேராவது வேண்டும், முடிந்தால் ஒருவர் உங்கள் ஊர், ஒருவர் வேறு மாவட்டம். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக்கூடாது. முத்திரை மாறினால் யார் சரி என்று வாதாட வேண்டாம், நேராகப் படி 4க்குப் போங்கள், பெரும்பாலும் அங்கே ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

கடைசியாக டீக்கடைப் பேச்சையே ஒரு பதிவாக எழுதிக் காட்டுகிறேன், இதே வடிவத்தில் உங்கள் கோப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

தந்தது: ஆடி மாதத்தில் நேற்று இரவு முழுவதும் புனலூர்ப் பக்கம் மழை பெய்தது.
இணைப்பு: ஆடியில் மேற்கே பெய்யும் மழை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெய்யும். மலையில் பெய்தால் குற்றால அருவிகளில் தண்ணீர் விழும். தண்ணீர் விழுந்தால் வெளியூர் ஆட்கள் வண்டியில் வருவார்கள். வண்டிகள் குவிந்தால் ரோட்டில் நகராது.
சோதனை: இன்று குற்றாலம் ரோட்டில் வண்டி நெருக்கடி இருக்கிறது.
முத்திரை: பெறப்படும். இணைப்பு இல்லாமல் கொடுத்தால்: சொல்ல முடியாது.
எதிர்த்திசை: சொல்ல முடியாது. நெருக்கடிக்கு வேறு காரணமும் இருக்கலாம்.
உடைக்கும் வாக்கியம்: குற்றாலம் ரோட்டில் இன்று பாலம் வேலை நடப்பதால் வண்டிகளை விடவில்லை.
நிறுத்திப் பார்த்தால்: மழை இல்லையென்றால் அருவியில் தண்ணீர் இல்லை, நெருக்கடியும் இல்லை. காரணம்தான்.
வட்டாரம்: தென்காசி, செங்கோட்டை.